கடல் அளந்தவர்கள் – 14: கண்ணாடிப் புழுவின் சாட்சியம்

கப்பல் ஏறிய கதையைச் சொல்வதாகப் போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன். 1953, இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகம், 'சார்சியா' என்ற ஆய்வுக் கப்பல். பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பலில் விஞ்ஞானியாகக் கால்வைத்த முதல் பெண், ஸ்பெயின்காரரான ஆங்ஹெலெஸ் அல்வாரின்யோ.

சொந்த ஊரில் அது வாய்க்கவில்லை. பிறந்தது ஃபெரோலில், தடுக்கி விழுந்தால் கடற்படைக் கப்பல்மேல்தான் விழவேண்டும், அப்படிப்பட்ட ஊர். ஆனால் அன்று அந்தக் கப்பல்களில் பெண் ஏறக் கூடாது. இத்தனைக்கும் 1921லேயே ஹிமேனா கிரோஸ் என்ற ஸ்பெயின் பெண் விஞ்ஞானி 'கிரால்டா' கப்பலில் கடலாய்வுக்குப் போய்வந்தவர். ஃபிராங்கோ ஆட்சி வந்ததும் அவரை வேலையைவிட்டே துரத்தினார்கள். ஃபிராங்கோவின் பாவக் கணக்கில் இதை யாரும் எழுதுவதில்லை. நான் எழுதிவைக்கிறேன்.

சரி, சார்சியாவுக்கு வருவோம். அதற்குமுன் பிளிமத்தில் அல்வாரின்யோவுக்கு வழிகாட்டியாக வாய்த்த ஃபிரெடரிக் ரஸ்ஸலைப் பற்றி ஒரு வார்த்தை. ரஸ்ஸல் என்றாலே அம்புப் புழுதான்.

விரற்கடை நீளம் இருக்கும். உடம்பு கண்ணாடி, விழுங்கிய இரை உள்ளே கிடப்பது வெளியே தெரியும். தலையின் இருபுறமும் கொக்கிகள். தண்ணீரில் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். நுண்ணிய இறாலினம் ஒன்று பக்கத்தில் நீந்தும் அதிர்வு பட்டதோ, ஒரே பாய்ச்சல்! கொக்கி மூடிக்கொள்ளும். பேத்தை மீனிடம் இருக்கும் அதே விஷம் இதனிடமும் உண்டு. புலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், இதற்கு ஒரு பரணிகூட இல்லை.

இதில் 'எலெகன்ஸ்' என்ற இனம் மேற்கிலிருந்து வரும் சத்தான நீரோடு வரும். 'செட்டோசா' சத்துக் குறைந்த ஆங்கிலக் கால்வாய் நீரில் வாழும். 1930 வாக்கில் பிளிமத் பக்கம் எலெகன்ஸ் மறைந்து செட்டோசா நிறைந்ததை ரஸ்ஸல் கவனித்தார். அந்தப் பத்தாண்டிலேயே ஹெர்ரிங் மீன்பாடும் படுத்துவிட்டது. ஹெர்ரிங், நம் மத்திக்குப் பங்காளி. மீன் போனதற்குப் புழு காரணமல்ல. தண்ணீர் மாறிவிட்டது, அதற்குப் புழு சாட்சி. ஒரு வாளிக் கடல்நீர் எங்கிருந்து வந்ததென்று கேட்டால், உள்ளே இருக்கும் புழுவைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அல்வாரின்யோ இந்தப் புழுவை விடாமல் பிடித்துக்கொண்டார். தானே வலை வடிவமைத்து, மீன்பிடிக் கப்பல், ஆய்வுக் கப்பல் கேப்டன்களிடம் கொடுத்தனுப்பினார். வாழ்நாளில் அவர் கண்டறிந்த புதிய உயிரினங்கள் 22. அதில் 12 அம்புப் புழுக்கள், மீதி சொறிமீன் வகையறா. ரஸ்ஸலைவிட இவர்தான் அந்தப் புழுவுக்கு உரிமைக்காரர் என்பேன். பிளிமத்காரர்கள் சண்டைக்கு வரட்டும்.

பக்கம் தீர்ந்துவிட்டது. சார்சியா இன்னும் துறையைவிட்டுக் கிளம்பவில்லை. அடுத்த வாரம் நங்கூரம் எடுத்துவிடலாம்.

(தொடரும்)