பேச்சோடு வந்த மின்சாரம்: பிரிட்டனில் வீட்டுத் தொலைபேசி டிஜிட்டலான வரலாறு

பிரிட்டனின் வீட்டுத் தொலைபேசிகளை அனலாக் முறையிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றி முடிக்க 2027 ஜனவரி 31 கடைசி நாளாகக் குறிக்கப்பட்டுள்ளது. பழைய வலையமைப்பை 2025-க்குள் மூடிவிடுவதாக பிடி தொலைபேசி நிறுவனம் 2017-இல் அறிவித்திருந்தது; அந்தக் கெடுவை 2024-இல் தள்ளிவைத்தது. 2023 செப்டம்பரிலிருந்து பழைய வகை இணைப்புகள் புதிதாக விற்கப்படுவதில்லை. வாடிக்கையாளருக்குச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது: சுவரிலுள்ள இணைப்பில் செருகியிருந்த தொலைபேசியை இனி ரவுட்டரில் செருக வேண்டும், குரல் இணையம் வழியாகப் போகும். இந்த விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் நடப்பதில் பெரிய பகுதியை அது சொல்லாமல் விடுகிறது. பிரிட்டனில் குரல் டிஜிட்டலாகி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது நிறுவனத்திடமிருந்து வீட்டுக்குக் கைமாறுவது தொலைபேசிக்கு மின்சாரம் தரும் பொறுப்பு. இந்த மாற்றத்தில் எழுந்த கடுமையான சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கிருந்தே வந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தப் பொறுப்பு எப்போதும் நிறுவனத்திடம் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொலைபேசிக்கான மின்கலம் சந்தாதாரரின் வீட்டிலேயே இருந்தது. இணைப்பகத்தைக் கூப்பிட அவர் கைப்பிடியைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்க வேண்டும். வீடு வீடாகச் சென்று மின்கலங்களைப் பராமரிப்பது நிறுவனங்களுக்குப் பெரும் செலவாக இருந்தது. இணைப்பகத்தில் ஒரே பெரிய பேட்டரித் தொகுதியை வைத்து, பேச்சு செல்லும் அதே செப்புக் கம்பிகள் வழியே எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் அனுப்பும் முறை அமெரிக்காவில் 1890-களில் உருவானது. பிரிட்டனில் அத்தகைய முதல் இணைப்பகம் 1900-இல் பிரிஸ்டலில் திறக்கப்பட்டது. செலவைக் குறைக்கச் செய்த இந்த ஏற்பாடு, யாரும் திட்டமிடாத ஒரு பாதுகாப்பையும் தந்தது. தெருவில் மின்சாரம் போனாலும், இணைப்பகத்தின் பேட்டரிகளும் பின்னாளில் அவற்றுக்குத் துணைநின்ற டீசல் ஜெனரேட்டர்களும் சுமார் 50 வோல்ட் அழுத்தத்தைக் கம்பியில் தாங்கிப் பிடித்தன. 1937-இல் லண்டனில் தொடங்கி நாடெங்கும் பரவிய 999 அவசர அழைப்பு இந்த அடித்தளத்தின் மேல்தான் வளர்ந்தது.

குரல் டிஜிட்டலான கதை வேறொரு தடத்தில் ஓடியது. குரலை எண்களாக மாற்றி அனுப்பும் முறைக்கு ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ், பாரிஸில் பணிபுரிந்தபோது 1938-இல் காப்புரிமை பெற்றார். அதைச் சிக்கனமாகச் செயல்படுத்தும் டிரான்சிஸ்டர் வரும்வரை அது காகிதத்தில் காத்திருந்தது. 1968-இல் லண்டனின் எம்பிரஸ் இணைப்பகம் டிஜிட்டல் வடிவிலான அழைப்புகளையே இணைத்து அனுப்பத் தொடங்கியது. 1980-இல் ‘சிஸ்டம் எக்ஸ்’ வகை டிஜிட்டல் இணைப்பகம் லண்டனில் இயங்கத் தொடங்கியது. சுழலும் இயந்திரப் பாகங்களைக் கொண்ட கடைசி ஸ்ட்ரோஜர் இணைப்பகம் 1995-இல் ஓய்வு பெற்றது. எஞ்சியிருந்த அனலாக் மின்னணு இணைப்பகங்களும் 1998-இல் போயின. அதன்பின் பிரிட்டனில் வீட்டிலிருந்து பேசிய ஒவ்வொருவரின் குரலும் இணைப்பகத்தை அடைந்ததுமே வினாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, 64 கிலோபிட் ஓடையாக மாறியே பயணித்தது. வீட்டுக்கும் இணைப்பகத்துக்கும் இடையிலான கடைசிக் கம்பி மட்டுமே அனலாக். இவ்வளவு பெரிய மாற்றம் நடந்தபோது யாரும் வீட்டுத் தொலைபேசியை மாற்ற வேண்டியிருக்கவில்லை, புயல் இரவில் யாருடைய தொலைபேசியும் இதனால் ஊமையாகவில்லை. புதிய இணைப்பகமும் பழையதைப் போலவே கம்பிக்கு மின்சாரம் ஊட்டியதே காரணம்.

அப்படியானால் இணைய நெறிமுறைக்கு மாறுவதால் வீட்டுக்கு வரும் மின்சாரம் நின்றே தீர வேண்டுமா? வேண்டியதில்லை என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. 2004-இல் பிடி அறிவித்த ‘21-ஆம் நூற்றாண்டு வலையமைப்பு’த் திட்டம், பேச்சை முழுவதும் இணைய நெறிமுறைக்கு மாற்ற எண்ணியது. ஆனால் அந்த மாற்றத்தைச் செய்யும் கருவிகள் இணைப்பகத்திலேயே இருந்திருக்கும்; வீட்டுக்கம்பியும் அதில் வரும் மின்சாரமும் அப்படியே தொடர்ந்திருக்கும். 2006-இல் கார்டிஃப் அருகே விக் கிராமத்தில் தொடங்கிய அந்தச் சோதனை நாடு முழுவதும் பரவவில்லை. பேச்சுக்கான பகுதி கைவிடப்பட்டது. பிரிட்டன் விட்ட வழியில் ஜப்பான் நடந்தது. அங்கே என்டிடி நிறுவனங்கள் 2024 ஜனவரியிலிருந்து வலையமைப்பின் உட்பகுதியை இணைய நெறிமுறைக்கு மாற்றின. வீடுகளின் செப்புக் கம்பியையும் தொலைபேசியையும் தொடவில்லை. செப்பு அங்கும் என்றென்றைக்கும் இருக்கப்போவதில்லை. ஆனாலும் டிஜிட்டலுக்கு மாறுவதும் செப்பைக் கைவிடுவதும் வெவ்வேறு முடிவுகள் என்பதை ஜப்பானின் அனுபவம் ஐயமறக் காட்டுகிறது. பிரிட்டன் இரண்டையும் ஒரே பெயரில், ஒரே காலக்கெடுவில் கட்டிவிட்டது.

தொலைபேசி வீட்டு மின்சாரத்தை நம்பியிருப்பதன் ஆபத்து 2021 நவம்பர் இறுதியில் வீசிய ஆர்வென் புயலில் தெரிந்தது. சுமார் பத்து லட்சம் வீடுகள் மின்சாரம் இழந்தன. அவற்றில் ஏறத்தாழ 40,000 வீடுகள் மூன்று நாளுக்கு மேல் இருளில் இருந்தன. அப்போது நடைமுறையிலிருந்த விதி என்ன? ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018-இல் வகுத்த வழிகாட்டுதலின்படி, மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்புக்கு வழி இருந்தால் போதும். அமெரிக்காவில் 2015-இல் வந்த விதி எட்டு மணி நேரக் காப்பு மின்சாரத்தை வாடிக்கையாளருக்கு விற்பனைக்கு வைக்கச் சொன்னது; பிறகு 24 மணி நேரத்துக்கான தெரிவையும் கேட்டது. ஆனால் செலவு வாடிக்கையாளருடையது. பிரிட்டனில் பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர்களுக்குக் காப்பு மின்சாரம் இலவசம். நேரமோ மிகக் குறைவு. புயல்கள் எழுப்பிய கேள்விகளுக்குப் பின் 2022 மார்ச்சில் பிடி மாற்றத்தையே நிறுத்திவைத்து, அடுத்த ஆண்டுதான் மீண்டும் தொடங்கியது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது, பழைய கருவிகளின் நிலைமை. சிஸ்டம் எக்ஸ் இணைப்பகங்களுக்கு உதிரிப் பாகங்கள் அரிதாகிவிட்டன, அவற்றை அறிந்த பொறியாளர்கள் ஓய்வு பெறுகிறார்கள், பழுதுகள் கூடுகின்றன. அவற்றை மூடத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இணைப்பகக் கருவியை மாற்றுவதற்கான காரணம், மின்சாரத்தை வீட்டின் தலையில் வைப்பதற்கான காரணமாகிவிடாது. கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகளை வாங்கியவர்கள் ஏற்கெனவே வீட்டு மின்சாரத்தை நம்பியிருந்தார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. உண்மைதான், அவர்கள் பழைய தொலைபேசி ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துச் செருகினால் போதும் என்ற நிலையும் அன்று இருந்தது. மொபைல் இருக்கிறதே என்பது மூன்றாவது. நீண்ட மின்தடையில் மொபைல் கோபுரங்களும் செயலிழக்கின்றன. அதோடு, கம்பித் தொலைபேசியை விடாமல் வைத்திருப்பவர்களில் பலர் மொபைல் சிக்னல் எட்டாத பள்ளத்தாக்குகளில் வாழ்பவர்கள்.

நான்காவது மறுப்பு என் வாதத்தையே திருத்தக் கோருகிறது. கழுத்தில் அணியும் பொத்தானை அழுத்தி உதவி கேட்கும் முதியோர் பாதுகாப்புக் கருவிகளை ஏறத்தாழ 18 லட்சம் பேர் நம்பியிருக்கிறார்கள். பழைய கருவிகள் ஒலிக்குறிகளை அனுப்புபவை. இணையப் பேச்சின் தாமதத்திலும் சுருக்கத்திலும் அக்குறிகள் சிதையக்கூடும். இங்கே சிக்கல் சமிக்ஞையைச் சார்ந்தது என்பதை ஏற்கிறேன். ஆயினும் புதிய டிஜிட்டல் கருவியால் அது தீர்ந்துவிடும். ரவுட்டர் அணைந்து கோபுரமும் நின்றபின் எந்தப் புதிய கருவியும் பேசாது.

அரசும் நிறுவனங்களும் இதை மெல்ல ஒப்புக்கொண்டு வருகின்றன. முதியோர் பாதுகாப்புக் கருவிகள் செயலிழந்த கடுமையான சம்பவங்களுக்குப் பின் 2023 டிசம்பரில் நிறுவனங்கள் அரசுடன் ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டன; ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட காப்பு மின்சாரத்துக்கு முயல்வதாகவும் அதில் உறுதி தந்தன. அடுத்த ஆண்டு பிடி ஓர் இடைக்கால இணைப்பை அறிமுகப்படுத்தியது: இணைப்பகத்தில் புதிய கருவி, வீட்டில் அதே செப்புக் கம்பி, அதே தொலைபேசி, கம்பியிலேயே மின்சாரம். விக் கிராமத்தில் சோதித்த யோசனைக்கு மிக நெருங்கியது இது. எளிதில் மாற முடியாதவர்களுக்காகச் சில ஆண்டுகளுக்கு மட்டுமே இது கிடைக்கும். செப்பு முற்றிலும் போனபின் காப்புப் பேட்டரி எங்கே இருக்கும், எத்தனை மணி நேரம் தாங்கும், யார் அதைச் சோதித்து மாற்றுவார் என்பதை விதி இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த விதியை எழுதும்போது ஆர்வென் புயலில் அந்த 40,000 வீடுகள் காத்திருந்த நேரத்தை அளவாகக் கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்தை அல்ல.