லீவில் வந்த ராணுவ வீரர் தகராறு செய்தால்... போலீஸ் கைது செய்யலாமா? யார் விசாரிப்பார்கள்?

காஷ்மீர் எல்லையில் மாதக்கணக்கில் பணியில் இருந்துவிட்டு, ஒரகடம் பக்கம் உள்ள சொந்த ஊருக்கு ஒரு வீரர் லீவில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நண்பர்களோடு குடிக்கிறார். ரோட்டில் வாய்த்தகராறு, கைகலப்பு. எதிராளிக்கு மண்டை உடைகிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் அப்போது கேட்கும் வசனம் ஒன்றுதான்: "நான் மிலிட்டரி, என் மேல போலீஸ் கை வைக்க முடியாது!"

இது உண்மையா? இல்லை.

லீவில் ராணுவச் சட்டம் பொருந்துமா?

பொருந்தும். ராணுவச் சட்டம் 1950, பணியில் சேர்ந்த நாள் முதல் விடுவிக்கப்படும் நாள் வரை வீரரைக் கட்டுப்படுத்தும். வீட்டில் லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் இதே சட்டம்தான். பணியில் இல்லாதபோது போதையில் இருந்தால்கூட, பிரிவு 48-ன்படி ஜவானுக்கு 6 மாதம் வரை சிறை விதிக்க இடம் இருக்கிறது.

கூடவே, மற்றவர்களைப் போல பாரதிய நியாய சன்ஹிதாவும் அவருக்குப் பொருந்தும். அதாவது, லீவில் இருக்கும் வீரர் மேல் ஒரே நேரத்தில் இரண்டு சட்டங்கள்.

போலீஸ் கைது செய்யலாமா?

செய்யலாம். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 42 படையினருக்குக் கைதிலிருந்து பாதுகாப்பு தருகிறது. ஆனால் அது பணி நிமித்தமாகச் செய்த செயலுக்கு மட்டும்தான். லீவில் போட்ட அடிதடி அதில் வராது.

கைது செய்தால் ராணுவத்துக்குத் தகவல் சொல்வது நடைமுறை. வீரர் என்பதற்காக ஸ்டேஷனில் அத்துமீறவும் போலீசுக்கு உரிமை இல்லை. 2024 செப்டம்பரில் புவனேஸ்வர் பரத்பூர் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போன ராணுவ அதிகாரியும் அவரது வருங்கால மனைவியும் தாக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. போலீசார் 5 பேர் சஸ்பெண்ட் செய்யப்பட்டனர்.

வழக்கு எங்கே நடக்கும்?

அடிதடி, திருட்டு போன்ற குற்றங்களை மாஜிஸ்திரேட் கோர்ட்டும் விசாரிக்கலாம், கோர்ட் மார்ஷலும் விசாரிக்கலாம். எது என்று முதலில் முடிவெடுக்கும் உரிமை பிரிவு 125-ன்படி ராணுவத்துக்கு. கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மத்திய அரசு சொல்வதே முடிவு. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரணை கிடையாது.

ஆனால் பொதுமக்களில் ஒருவரைக் கொலை செய்தாலோ, பாலியல் வன்கொடுமை செய்தாலோ, பிரிவு 70-ன்படி பொதுவாக சிவில் கோர்ட்தான். போர்ப்பணியில் இருக்கும்போதும், வெளிநாட்டிலும், அறிவிக்கப்பட்ட எல்லைச் சாவடிகளிலும் மட்டும் விதிவிலக்கு.

ராணுவ வளாகத்துக்குள் நடந்தாலும் போலீஸ் விசாரிக்கும் என்பதற்கு சென்னையே உதாரணம். 2011 ஜூலையில் தீவுத்திடல் அருகே ராணுவக் குடியிருப்புக்குள் பாதாம் கொட்டை பறிக்கப் போன 13 வயது சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கர்னல் ஒருவரை சி.பி.சி.ஐ.டி. கைது செய்தது. 2012-ல் சென்னை விரைவு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

லீவு முடிஞ்சும் திரும்பலைன்னா?

தகுந்த காரணம் இல்லாமல் தாமதித்தால் பிரிவு 39-ன்படி 3 ஆண்டு வரை சிறை. யூனிட் போர்ப்பணிக்குக் கிளம்புகிறது என்று தகவல் வந்தும் போகாவிட்டால் அதே பிரிவு பாயும். 30 நாள் தாண்டினால் விசாரணைக் குழு அமைப்பார்கள். திரும்பி வரும் எண்ணமே இல்லை என்று தெரிந்தால் அது 'தப்பி ஓடிய' குற்றம்: 7 ஆண்டு வரை சிறை, போர்ப்பணிக் காலம் என்றால் மரண தண்டனை வரை போகலாம்.

பக்கத்து நாடான இலங்கையில் இது பெரிய தலைவலி. போர் 2009-ல் முடிந்தும், பணிக்குத் திரும்பாதவர்கள் பிரச்சினை தீரவில்லை. 2024-ல் ஒரு மாத பொதுமன்னிப்பில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்டோர் சட்டப்படி விலகினார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

போர்முனையிலிருந்து வந்தவருக்குத் தூக்கம் வரவில்லை, சின்ன சத்தத்துக்கும் பதறுகிறார், சட்டென்று கோபம் வருகிறது, குடி கூடுகிறது என்றால் 'லீவு ஜாலி' என்று விடாதீங்க. இது மன அழுத்தமாக இருக்கலாம். கோர்ட்டில் இது தானாகவே மன்னிப்பு வாங்கித் தராது. ஆனால் முன்கூட்டியே கவனித்தால் வழக்கு வராமலே தடுக்கலாம்.

சென்னை பரங்கிமலையில் ராணுவ மருத்துவமனை இருக்கிறது. உடல்நிலை, மனநிலை சரியில்லை என்றால் அங்கே காட்டிவிட்டு, லீவு முடியும் முன்பே யூனிட்டுக்குப் போன் செய்து லீவு நீட்டிப்பு கேட்கலாம். காஞ்சிபுரத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பணியில் இருப்பவரின் குடும்பமும் உதவி கேட்கலாம்.

ஒரு அடிதடி வழக்கில் என்ன போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கோர்ட்டில் தண்டனை பெற்றால் ராணுவம் பணிநீக்கம் செய்யலாம். அப்படி நீக்கப்பட்டால் பொதுவாக பென்ஷனும் கிடையாது. ஊருக்குத் திரும்பி ஒரகடம் தொழிற்சாலையில் செக்யூரிட்டி வேலை கேட்டாலும், முதலில் பார்ப்பது ராணுவம் தந்த நடத்தைச் சான்றைத்தான்.