விவரி, விளக்கு, காரணம் கூறு – ஒரு வால் கதை

அறிவியல் கேள்வித்தாளில் யாரும் மதிக்காத சொல் ஒண்ணு உண்டு. ஒவ்வொரு கேள்வியின் கடைசியிலும் முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் சிவனேன்னு உட்கார்ந்திருக்கும். வரையறு, விவரி, விளக்கு, ஒப்பிடு, காரணம் கூறு. நம்ம பசங்க "கொதிநிலை"ன்னு பார்த்த உடனே பேனாவைத் திறந்து தெரிஞ்சதெல்லாம் கொட்டிடுவாங்க. அஞ்சுக்கு ரெண்டு மார்க் வரும். "ரெண்டு பக்கம் எழுதினேனே சார்"னு முகம் தொங்கிப் போகும். பாவம், படிக்காத பையனா இருந்தாலும் பரவாயில்லை, படிச்ச பையனுக்குத்தான் இது நடக்குது.

அந்த வால் சொல் என்ன வேலை செய்யுதுன்னு முதல்ல பார்த்துடுவோம். அதே கொதிநிலையை எடுத்துக்குவோம்.

"வரையறு"ன்னா ஒரே வாக்கியம். திரவத்தின் ஆவி அழுத்தம் வெளி அழுத்தத்துக்குச் சமமாகும் வெப்பநிலை. அவ்வளவுதான், கதை வேண்டாம்.

தண்ணீரைச் சூடாக்கும்போது வெப்பநிலை மாறுவதை "விவரி"ன்னா, நடந்ததை வரிசையா சொல்லணும். ஏறுது, 100 டிகிரியில் அப்படியே நிக்குது, எல்லாம் ஆவியான பிறகு ஆவியின் வெப்பநிலை மறுபடி ஏறுது. ஏன்னு யாரும் கேட்கலை.

"விளக்கு"ன்னா இப்பத்தான் அந்த ஏன் வருது. அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்தும் வெப்பநிலை ஏன் நிக்குது? கொடுக்கிற வெப்பமெல்லாம் மூலக்கூறுகளைப் பிரிக்கச் செலவாகுது. உள்ளுறை வெப்பம்.

"ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகிறது, காரணம் கூறு"ன்னா பாடத்தைப் புது இடத்துக்குக் கொண்டு போகணும். 2200 மீட்டருக்கு மேல காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிச்சிடும், அதனால பருப்பு மெதுவா வேகுது.

பாடம் ஒண்ணுதான், வினைச்சொல் மாறினா விடையே மாறிடுது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். நன்னூல் வினாவை ஆறு வகையா பிரிக்குது. அதில் முதல் வகை அறிவினா. விடை தெரிஞ்ச ஆசிரியர், மாணவனுக்குத் தெரியுமான்னு பார்க்கக் கேட்கிறது. பரீட்சைக் கேள்வி எல்லாமே இந்த வகைதான். ஆனா திண்ணையில் எதிரெதிரா உட்கார்ந்து கேட்டா, பையன் தடம் மாறினதும் "நான் அதைக் கேட்கலைடா"ன்னு வாத்தியார் திருப்பிடலாம்.

1857ல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் வந்தப்போ அந்த வசதி போச்சு. மூணுமே லண்டன் பல்கலைக்கழக மாதிரியில் அமைஞ்சவை. பாடம் நடத்துறது கல்லூரி, பரீட்சை வைக்கிறது பல்கலைக்கழகம். திருத்துகிறவர் பையன் முகத்தையே பார்க்கப் போறதில்லை. ரெண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கேள்வித்தாள் மட்டும்தான். அப்ப அந்த வால் சொல்லுக்கு ரெண்டு பேரும் ஒரே அர்த்தம் எடுத்துக்கணும் இல்லையா?

இந்தப் பிரச்சினையை ஒழுங்கா உட்கார்ந்து யோசிச்சது அமெரிக்காவில். 1948ல் பாஸ்டனில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்த சில கல்லூரித் தேர்வாளர்கள் தனியா கூடிப் பேசினாங்க. ஒருத்தர் தயாரிச்ச கேள்வியை இன்னொருத்தர் பயன்படுத்தணும்னா, எந்தக் கேள்வி எதைச் சோதிக்குதுன்னு சொல்ல ஒரு பொது மொழி வேணுமே! அதுக்கான வேலையைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் முன்னின்று நடத்தினார். 1956ல் புத்தகம் வந்தது. அறிவு, புரிதல், பயன்படுத்துதல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல்னு ஆறு படி. பி.எட் படிச்சவங்க இதை மறந்திருக்க மாட்டாங்க :-)

ஒரு விஷயம் கவனிங்க. அந்த ஆறும் பெயர்ச்சொற்கள். 2001ல் ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தி எழுதினப்போதான் படிகளின் பெயர்களே வினைச்சொல்லா மாறிச்சு.

நம்ம நாட்டுக் கதை இன்னும் சுவாரசியம். 1948-49ல் ராதாகிருஷ்ணன் ஆணையம், பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் சொல்லணும்னா அது பரீட்சையாத்தான் இருக்கும்கிற அளவுக்குப் போச்சு. 1952-53ல் இடைநிலைக் கல்வி ஆணையத்தின் தலைவர் நம்ம சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார். அந்த அறிக்கையும் தேர்வு முறையை மாத்தணும்னுதான் சொல்லுச்சு. 1957ல் புளூமே இந்தியா வந்து ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்தினார். அடுத்த வருஷம் மையத் தேர்வுப் பிரிவு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அறிதலுக்கு இத்தனை மார்க், புரிதலுக்கு இத்தனை, பயன்படுத்துதலுக்கு இத்தனைன்னு கேள்வித்தாளுக்குத் திட்டம் போடுற பழக்கம் இந்த வழியில் வந்ததுதான்.

அப்புறம் ஏன் சரியாகலை? அதுக்கான பதில் புளூம் புத்தகத்திலேயே இருக்குன்னு சொல்லலாம். ஒரு கேள்வி எந்தப் படின்னு சொல்ல, மாணவன் அதை முன்னாடியே பார்த்திருக்கானான்னு தெரியணும்ங்கிறார். "விளக்கு"ன்னு கேட்ட கேள்விக்கு விடை கைடில் அச்சா இருந்து, அதைப் பையன் நெட்டுரு போட்டிருந்தா, அங்கே "விளக்கு" செத்துப் போச்சு. அது "ஒப்பி"ன்னு ஆயிடுது. புக் பேக் கேள்வியே வருஷா வருஷம் வந்தா, வாலைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் வரியைப் பார்த்ததும் விடை தானா ஓடி வரும். பன்னிரண்டு வருஷம் அப்படியே தாண்டிடலாம். புத்தகத்தில் இல்லாத கேள்வி எதிரில் வர்ற அன்னைக்குத்தான் அடி விழும். அந்த அடியும் வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்குத்தான் பலமா விழும்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்குன்னு எனக்குத் தோணுது. ஆங்கிலக் கேள்வியில் ஏவல் சொல் பெரும்பாலும் முதலிலேயே நிக்கும். என்ன செய்யணும்னு தெரிஞ்ச பிறகுதான் எதைப் பத்திங்கிறது வரும். தமிழில் வினை கடைசியில். நம்ம வாக்கிய அமைப்பே அப்படி. கண்ணு வாலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கை எழுத ஆரம்பிச்சிடுது. போதாததுக்கு விவரி, விளக்கு ரெண்டையும் நாம பேச்சில் ஒரே அர்த்தத்தில்தான் புழங்குறோம். "கொஞ்சம் விவரமா விளக்குங்க"ன்னு சேர்த்தே கேட்கிற ஆளுங்க நாம!

இங்கிலாந்துத் தேர்வு வாரியங்கள் இந்தச் சொற்களுக்கு அர்த்தம் எழுதிப் பட்டியலா வெளியிடுறாங்க. தமிழில் அப்படி ஒரு பக்கம் பாடப்புத்தகத்தின் முன்னாலேயே இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும். விவரி என்றால் என்ன நடந்தது, விளக்கு என்றால் ஏன் நடந்தது, ஒப்பிடு என்றால் ரெண்டு பக்கமும் சொல்லணும்னு பத்துப் பதினைந்து வரி போதும்.

அது வர்ற வரைக்கும் நான் எங்க தெருப் பசங்களுக்குச் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: கேள்வியை வாலில் இருந்து படி. வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போடு, பக்கத்தில் இருக்கிற மார்க்கைப் பாரு, அப்புறம் பேனாவைத் திற.

ஆசிரியரா இருக்கிற பதிவர்கள் நிறைய பேர் உண்டு. உங்க வகுப்பில் இந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம் சொல்லித் தர்றீங்க? பின்னூட்டத்தில் விவரிச்சாலும் சரி, விளக்கினாலும் சரி :-)