பீருக்காகப் பிறந்த குளிர்ப்பெட்டி

1/ மறைமலை நகர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தடுப்பூசி போட வர்றவங்க பார்த்திருப்பீங்க. மருந்து வைக்கிற பெட்டிக்கு மூடி மேலே இருக்கும். அதோட பூர்வீகம் பீர் ஆலை!

2/ 1842ல் மெட்ராஸ் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினாங்க. அமெரிக்க ஏரிகளில் வெட்டின ஐஸை ஃபிரடெரிக் டியூடரின் கம்பெனி கப்பல்ல அனுப்பும். இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுதான்.

3/ அப்போ ஜெர்மனியில் கோடையில் பீர் காய்ச்சினா கெட்டுப்போகும். 1870களில் கார்ல் வான் லிண்டே குளிர்பதன இயந்திரம் செஞ்சார். சோதிக்க இடம் கொடுத்தது மியூனிக்கின் ஸ்பாட்டன் பீர் ஆலை. மெஷின் ஐஸ் பரவ, கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துருச்சு.

4/ குளிர்ந்த காற்று கனமானது. முன்கதவைத் திறந்தா வெளியே கொட்டிடும். மேல்மூடின்னா உள்ளேயே தங்கும். வீட்டில் ட்ராஃப்ட் பீர் பெட்டி செய்றவங்க பலர் மேல்மூடி ஃப்ரீசரையே வாங்கி, தனி தெர்மோஸ்டாட் மாட்டுறது இதனாலதான். தடுப்பூசிப் பெட்டியில் கூடுதலா சுத்தி ஐஸ் சுவர். கரண்ட் போனாலும் தாங்கும்.

5/ தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி வேணும். ஹெபடைடிஸ் பி ஊசி மருந்து உறைஞ்சா வீண். அதைப் போட்டா குழந்தைக்கு வலிதான் மிச்சம், பாதுகாப்பு இருக்காது. பெட்டி எவ்வளவு ஜில்லுன்னு பார்க்காதீங்க. ஒரே அளவு ஜில்லுல எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாருங்க.