கடைசி ஒரு முழக் கம்பி

பி.காம். படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக வங்கியில் வவுச்சர் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டம்மாவும் அதையேதான் கேட்டார். நாக்பூருக்கு மாற்றலாகி வந்த பிறகு என் பெண் கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தாள். 1950ல் தொடங்கிய பிரிவு அது. மாதிரி விமானம் செய்வதும் அதில் ஒரு பயிற்சி. வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியே உண்டு. ஆக, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை இப்போது பால்சா மரத்தூளும் பசையுமாகக் கிடக்கிறது. நாங்கள் தரையில் இலை போட்டுச் சாப்பிடுகிறோம் (உடம்புக்கு நல்லதாம்!).

அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று புரிந்தது. 'ரேடியோ கன்ட்ரோல் விமானம்' என்று சொல்கிறோமே, அதில் ரேடியோ பாதி வழிதான் வருகிறது. கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரில் குச்சியை நகர்த்தினால் அந்தச் செய்தி காற்றில் போய் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரைச் சேரும். ரிசீவர் அதை சர்வோ என்ற தீப்பெட்டி அளவு பெட்டிக்குச் சொல்லும். சர்வோவின் உள்ளே ஒரு குட்டி மோட்டாரும் பல்சக்கரங்களும், வெளியே ஒரு சின்னக் கையும் இருக்கும். அந்தக் கை திரும்பும். அத்தோடு மின்னணுவியலின் வேலை முடிந்தது. அங்கிருந்து வால் பலகை வரைக்கும் இருக்கும் ஒரு முழம், இரண்டு முழத் தூரத்தை ஒரு சாதாரணக் கம்பிதான் கடக்கிறது. அதன் பெயர் புஷ்ராடு. அது சரியாக மாட்டப்படவில்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த ரேடியோ வைத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

விமானத்தின் வரலாறு என்றால் எல்லோரும் என்ஜினைப் பற்றியும் இறக்கையைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். இந்தக் கடைசி ஒரு முழத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. உயிர்களை வாங்கிய வரலாறு.

சைக்கிள் கடையில் தொடங்கியது

ரைட் சகோதரர்கள் ஒஹையோ மாகாணம் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் என்பது தெரிந்ததுதான். கம்பி, சங்கிலி, நெம்புகோல் எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. 1899ல் சைக்கிள் ட்யூப் வந்த ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோதுதான், இறக்கையையும் இப்படியே முறுக்கினால் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கலாம் என்று வில்பருக்குத் தோன்றியது. விமானி குப்புறப் படுத்திருப்பார். இடுப்பைச் சுற்றி ஒரு தொட்டில் மாதிரி அமைப்பு. இடுப்பை நகர்த்தினால் கம்பிகள் இழுபட்டு இறக்கை முறுங்கும்.

1902ல் அவர்களுடைய கிளைடரில் ஒரு சிக்கல் வந்தது. ஒரு பக்கம் சாய்ந்தால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. காரணம் எளிது. எந்த இறக்கை அதிகமாகத் தூக்குகிறதோ, அதற்குத்தான் காற்றின் தடையும் அதிகம். இதற்கு அவர்கள் கண்ட தீர்வு, வாலில் அசையாமல் இருந்த ரட்டரை அசையும்படி செய்து, அதன் கம்பியையும் அதே இடுப்புத் தொட்டிலோடு இணைத்துவிட்டது. ஒரு அசைவில் இரண்டு வேலை. 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடியும், அன்றைக்கே கடைசி முறை 59 விநாடியும் பறந்த விமானத்தில் இந்த இணைப்பு இருந்தது. 1905ல் இதையே பிரித்து, ரட்டருக்குத் தனிப் பிடி வைத்தார்கள். எதை எதோடு கட்டுவது, எப்போது அவிழ்ப்பது என்பதுதான் அவர்களுடைய பெரிய கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

மணியடிக்கும் கம்பி

அந்தக் காலத்து ராடு பிரேக் சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா? ஹேண்டில்பாரில் அழுத்தினால் கம்பி கம்பியாக இழுத்து, மூலையில் திரும்பி, பின்சக்கரத்தைப் பிடிக்குமே, அதேதான். மூலையில் திசை திருப்பும் அந்த 'எல்' வடிவத் துண்டுக்கு பெல் கிராங்க் என்று பெயர். பெல் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் பெரிய பங்களாக்களில் எஜமானர் அறையில் கயிற்றை இழுத்தால் சமையல்கட்டில் மணி அடிக்கும். சுவரோரமாக ஓடும் கம்பி ஒவ்வொரு மூலையிலும் இந்தத் துண்டைப் பிடித்துத் திரும்பும். வேலைக்காரரைக் கூப்பிடச் செய்த கருவி பிற்பாடு விமானத்துக்குள் ஏறிக்கொண்டது.

மாதிரி விமானத்தில் இதற்கு ஒரு கோர்ட் கேஸே உண்டு. ரேடியோ இல்லாமல், இரண்டு மெல்லிய கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நம்மைச் சுற்றி வட்டமாகப் பறக்கவிடும் 'கன்ட்ரோல் லைன்' விமானத்தை (என்.சி.சி. முகாம்களில் இதைப் பார்க்கலாம்) அமெரிக்காவில் பிரபலமாக்கியவர் ஆரிகான் மாகாணத்தின் ஜிம் வாக்கர். அவருடைய 'ஃபயர்பால்' 1940ல் வந்தது. இரண்டு கம்பியும் விமானத்துக்குள் ஒரு பெல் கிராங்கில் சேரும். அதிலிருந்து ஒரு புஷ்ராடு எலிவேட்டருக்குப் போகும். இதற்கு 1942ல் காப்புரிமையும் வாங்கினார். மற்றவர்களிடம் உரிமைத் தொகை கேட்டபோது லெராய் காக்ஸ் என்ற விமான பொம்மைத் தயாரிப்பாளரோடு வழக்கானது. அதே ஆரிகானைச் சேர்ந்த ஓபா செயின்ட் கிளேர் என்பவர் 1930களிலேயே இதைச் செய்து பறக்கவிட்டிருந்தார் என்பது 1955ல் நிரூபணமாகி, வாக்கர் தோற்றுப்போனார். ஒரு சின்னத் தகட்டுத் துண்டுக்காக!

ரப்பர் பேண்டு காலம்

ரேடியோவுக்கு வருவோம். மிச்சிகன் மாகாணம் கலமஸூ ஊரைச் சேர்ந்த இரட்டையர்கள் வால்டர் குட், வில்லியம் குட். 1937ல் இவர்கள் பறக்கவிட்ட 'கஃப்' என்ற விமானம்தான் ரேடியோவால் வெற்றிகரமாகக் கட்டுப்படுத்தப்பட்ட ஆரம்பகால மாதிரி விமானங்களில் மிகவும் புகழ்பெற்றது. பல வருடப் போட்டிகளில் ஜெயித்துவிட்டு இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அன்றைக்கு சர்வோ கிடையாது. எஸ்கேப்மென்ட் என்ற கருவிதான். முறுக்கி வைத்த ரப்பர் பேண்டு ஒன்று, அதைத் தடுத்து நிறுத்தும் ஒரு கொக்கி. சிக்னல் வந்தால் மின்காந்தம் கொக்கியை விடுவிக்கும், கை கால் சுற்று சுற்றும், ரட்டர் வலப்பக்கம் திரும்பும். சிக்னலை நிறுத்தினால் நடுவுக்கு வரும். அடுத்த சிக்னலுக்கு இடப்பக்கம். மறுபடி இடதுதான் வேண்டும் என்றால், முதலில் வலது பக்கத்தை ஒரு தட்டு தட்டிக் கடந்தாக வேண்டும். போன தடவை எந்தப் பக்கம் திருப்பினோம் என்று பறக்கவிடுபவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். ரப்பரின் முறுக்கு தீர்ந்தால் கட்டுப்பாடும் தீர்ந்தது.

ரப்பர் பேண்டுக்கு என்ன பலம் இருக்கும்? கம்பி எங்காவது லேசாக உரசினாலே ரட்டர் நின்றுவிடும். எனவே அந்தத் தலைமுறை ஒரு பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டது: இணைப்பு எங்கும் இறுகக் கூடாது, உரசக் கூடாது, விரலால் தொட்டால் நழுவி ஓட வேண்டும். இன்றைய சர்வோ உரசலையும் மீறித் தள்ளிவிடும். ஆனால் பேட்டரியைத் தின்றுகொண்டே தள்ளும். பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குச்சி எவ்வளவோ, பலகை அவ்வளவு

1960களின் முதல் பாதியில் விஷயம் மாறியது. டக் ஸ்ப்ரெங், டான் மேதர்ஸ் போன்ற அமெரிக்கப் பொறியாளர்கள் 'டிஜிகான்' மாதிரியான கருவிகளைக் கொண்டுவந்தார்கள். துடிப்பின் நீளம்தான் செய்தி. ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நீளம் என்றால் நடு, ஒரு பங்கு என்றால் ஒரு கோடி, இரண்டு பங்கு என்றால் மறு கோடி. சர்வோ தன் கை எங்கே இருக்கிறது என்று தானே அளந்து, கேட்ட இடத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும்வரை நகரும். எங்கள் பாஷையில் சொன்னால், விநாடிக்குச் சுமார் 50 தடவை ரீகன்சிலியேஷன். இன்றைக்கும் சாதாரண சர்வோக்கள் புரிந்துகொள்வது இந்த பாஷையைத்தான்.

ஆனால் சர்வோ தன் கையை மட்டும்தான் அளக்கிறது. வால் பலகையை அளப்பதில்லை. கம்பியில் ஆட்டம் இருந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. தலைமை அலுவலகத்தில் கணக்கு டாலி ஆகிவிட்டது, கிளையில் பணம் குறைகிறது என்கிற கதைதான். அதனால்தான் கீழே வரும் விஷயங்களில் பழகியவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

முதலில் ரேடியோவைப் போட்டு சர்வோவை நடுவில் நிறுத்த வேண்டும். அதன் கை கம்பிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அதன் பிறகுதான் கம்பியின் நீளத்தைச் சரி செய்ய வேண்டும். கம்பி நுனியில் கிளெவிஸ் என்ற கவ்வி இருக்கும், மரையைத் திருகி நீட்டலாம், குறைக்கலாம். இதைச் செய்யாமல் டிரான்ஸ்மிட்டரின் டிரிம் பொத்தானால் சமாளிப்பது, வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளுகிற மாதிரி.

பலகையில் ஒட்டியிருக்கும் கன்ட்ரோல் ஹார்னில் பல ஓட்டைகள் இருக்கும். கூடியவரை சர்வோ பக்கம் உள் ஓட்டை, ஹார்ன் பக்கம் வெளி ஓட்டை. காரணம் சின்னக் கணக்கு. கம்பியில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது என்று வையுங்கள். கீல் அச்சிலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளி மாட்டினால் பலகை கிட்டத்தட்ட 3 டிகிரி ஆடும். 10 மில்லிமீட்டரில் மாட்டினால் 6 டிகிரி. மாட்டிய ஓட்டைதான் வித்தியாசம். ஹார்னின் ஓட்டைகள் கீல் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே போவது ஒரு அளவு, கீழே போவது ஒரு அளவு என்று ஆகிவிடும்.

எய்லரானுக்கு மட்டும் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். சர்வோவின் கையைக் கொஞ்சம் சாய்த்து மாட்டினால் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் போகும். 1902ல் ரைட் சகோதரர்களை வாட்டிய அதே மூக்கிழுப்புக்கு இதுவும் ஒரு மருந்து. முழு அளவு விமானமான டைகர் மாத்திலும் இந்த ஏற்பாடு உண்டு.

மாட்டியவர், பார்த்தவர்

உயிர்களை வாங்கிய வரலாறு என்று சொன்னேன் அல்லவா?

இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவர் ராய் சாட்விக். 1947 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் உட்ஃபோர்ட் விமானத்தளத்தில், தான் வடிவமைத்த ஆவ்ரோ டியூடர் 2 விமானத்தின் சோதனைப் பறப்பில் அவரும் ஏறினார். கிளம்பிய உடனேயே விமானம் சாய்ந்து விழுந்தது. சாட்விக், விமானி பில் தார்ன் உட்பட நால்வர் இறந்தார்கள். முந்தின இரவு பராமரிப்பில் எய்லரான் கம்பிகள் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. வலது என்றால் இடது. வாழ்நாளெல்லாம் விமானம் வரைந்த மனிதரை இரண்டு கம்பிகள் கொண்டுபோய்விட்டன.

1961 செப்டம்பர் 17, சிகாகோ. லாக்ஹீட் எலெக்ட்ரா பயணிகள் விமானம். எய்லரான் கம்பி இணைப்பு கழன்றுவிடாமல் கட்ட வேண்டிய பாதுகாப்புக் கம்பி கட்டப்படவில்லை. இணைப்பு கழன்றது. விமானத்தில் இருந்த 37 பேரும் போனார்கள். 2000 பிப்ரவரி 16, கலிபோர்னியா. டிசி-8 சரக்கு விமானம். எலிவேட்டரின் சிறு பலகையை அசைக்கும் புஷ்ராடின் போல்ட் சரியாகப் பூட்டப்படவில்லை, சரியாகச் சோதிக்கப்படவும் இல்லை. மூன்று பேர் இறந்தார்கள்.

மூன்றிலும் வடிவமைப்பில் குறை இல்லை. ஒருவர் மாட்டியதை இன்னொருவர் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அதனால்தான் விமானத்துறையில் கட்டுப்பாட்டுக் கம்பியைத் தொட்டால், தொட்டவர் அல்லாத இரண்டாவது ஆள் தனியாகச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. வங்கியில் இதை மேக்கர், செக்கர் என்கிறோம். பதிவு செய்தவரே அனுமதிக்க முடியாது. இதை அவநம்பிக்கை என்று நினைத்து முகம் சுளிக்கும் புதுப் பையன்களைப் பார்த்திருக்கிறேன். திறமைசாலியின் கண்ணும் தான் செய்ததைச் சரியென்றுதான் பார்க்கும். இன்னொரு கண் வேண்டும் என்பதற்குக் காரணம் அவ்வளவுதான்.

வெளியூரில் இருக்கும் நம் வீடுகளில் மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று கூட நின்று பார்க்க ஆட்கள் இல்லை. பிள்ளைகள் ஒரு அறையில் உட்கார்ந்து தாங்களே எல்லாம் செய்துகொள்கிறார்கள். உங்கள் பிள்ளையும் இப்படி ஒன்றைச் செய்து மைதானத்துக்குக் கிளம்பினால், 'எனக்கு இதெல்லாம் தெரியாது' என்று ஒதுங்காதீர்கள். மாதிரி விமானம்தான் என்றாலும், சுற்றும் புரொபெல்லரோடு ஆட்கள் நடுவே விழுந்தால் காயம் நிஜம்.

இரண்டாவது கண்ணாக இருக்க எந்தப் பட்டமும் வேண்டாம். முதலில் புரொபெல்லரைக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு விமானத்தின் வாலுக்குப் பின்னால், அது பார்க்கும் திசையையே பார்த்து நில்லுங்கள். குச்சியை வலப்பக்கம் தள்ளச் சொல்லுங்கள்: வலது எய்லரான் மேலே, இடது கீழே. குச்சியைத் தன் பக்கம் இழுக்கச் சொல்லுங்கள்: எலிவேட்டர் மேலே. ரட்டர் வலது என்றால் வலது. கிளெவிஸ் ஒவ்வொன்றின் மேலும் அது திறந்துகொள்ளாமல் காக்கும் சின்ன ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கடைசியாக சர்வோ நிற்கும்போது பலகையை மெல்ல ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிகிறதா என்று.

இரண்டு நிமிட வேலை. எல்லாம் சரி என்றால் அப்புறம் பறக்கட்டும்.