பீரோவில் தூங்கும் ஹேண்டிகேம் கேசட்: கணினிக்கு மாற்ற, எடிட் செய்ய எந்த மென்பொருள் சரி?

கல்யாண கேசட், காதுகுத்து கேசட், குழந்தையின் முதல் பிறந்தநாள் கேசட். பல வீடுகளில் இவை பீரோவின் மேல்தட்டில் பிளாஸ்டிக் கவரோடு கிடக்கின்றன. அதில் சிரித்துப் பேசும் தாத்தாவோ பாட்டியோ இன்று இல்லை. அவர்களின் குரல் வேறு எங்கும் பதிவாகவும் இல்லை. "ஒரு நாள் கம்ப்யூட்டர்ல ஏத்திடணும்" என்று சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடிவிட்டன.

இனியும் தள்ளிப்போட்டால் சிக்கல்தான். விஎச்எஸ் டெக் தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. டேப் போடும் ஹேண்டிகேமும் புதிதாக வருவதில்லை. ஆப்பிள் 2025-ல் வெளியிட்ட மேக்ஓஎஸ் டஹோவில், பழைய கேமராக்களை இணைக்கும் ஃபயர்வயர் வசதியே நீக்கப்பட்டுவிட்டது. இன்னொரு பக்கம், நம்ம ஊர் ஈரப்பதத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கிறது.

சரி, எந்த மென்பொருளை எடுப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

இது ஒரு வேலை இல்லை, இரண்டு வேலை

பலரும் செய்யும் முதல் தவறு, 'எல்லாத்தையும் செய்ற ஒரே சாஃப்ட்வேர்' தேடுவது. டேப்பில் இருப்பதைக் கணினிக்குக் கொண்டு வருவது ஒரு வேலை. இதை கேப்சர் என்பார்கள். வந்த ஃபைலை வெட்டி ஒட்டி அழகாக்குவது வேறு வேலை. அதுதான் எடிட்டிங்.

எடிட்டிங் பிடிக்கவில்லையா? நாளைக்கே வேறு மென்பொருளில் மறுபடி செய்யலாம். ஆனால் கேப்சர் அப்படி இல்லை. பழைய டேப் இன்னொரு முறை ஓடுமா, அந்த கேமரா அடுத்த வருஷம் வேலை செய்யுமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கேப்சர் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக கவனம் தேவை.

உங்கள் கேசட் எந்த ரகம்?

மென்பொருளை முடிவு செய்வது உங்கள் கேசட்தான். கேசட் மீதும் கேமரா மீதும் உள்ள எழுத்தைப் பாருங்கள்.

1. விஎச்எஸ், விஎச்எஸ்-சி, வீடியோ8, ஹை8: இவை அனலாக்.

2. மினிடிவி, டிஜிட்டல்8: இவை டிஜிட்டல். இங்கே 'டிவி' என்பது தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். இதே மினிடிவி கேசட்டில் எச்டி தரத்தில் பதிவு செய்வது எச்டிவி.

3. சின்ன டிவிடி, மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் உள்ள கேமராக்கள்: இவற்றில் வீடியோ ஏற்கனவே ஃபைலாகத்தான் இருக்கிறது.

அனலாக் கேசட்டுக்கு என்ன மென்பொருள்?

டெக் அல்லது கேமராவின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை யு.எஸ்.பி கேப்சர் கருவியில் செருகி, கருவியைக் கணினியில் இணைக்க வேண்டும். கருவியோடு ஒரு சிடியில் மென்பொருள் தருவார்கள். அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டிரைவரை மட்டும் நிறுவிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் ஸ்டூடியோவைப் பயன்படுத்தலாம்.

ஓபிஎஸ்ஸில் நான்கு அமைப்புகள் முக்கியம்.

* திரை அளவு: வழக்கமாக இது 1920x1080 என்று இருக்கும். பழைய வீடியோ அகலத் திரைக்கானது அல்ல. 768x576 என்று மாற்றினால் முகங்கள் பக்கவாட்டில் இழுபடாமல் இருக்கும்.

* வேகம்: இந்தியாவிலும் இலங்கையிலும் வாங்கிய கேமராக்கள் பெரும்பாலும் பால் முறையைச் சேர்ந்தவை. அதற்கு விநாடிக்கு 50 ஃபிரேம் என வைக்கலாம்.

* டிஇன்டர்லேஸ்: பழைய வீடியோ ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு பாதிக் கோடுகளாகப் பிரித்துப் பதிவு செய்யும். கணினியில் பார்க்கும்போது, யாராவது கையை அசைத்தால் சீப்புப் பல் போலக் கோடு தெரிவது இதனால்தான். வீடியோ சோர்ஸ் மீது வலது கிளிக் செய்து, டிஇன்டர்லேஸ் பகுதியில் 'யாடிஃப் 2எக்ஸ்' என்பதைத் தேர்வு செய்தால் இது சரியாகும்.

* ஃபைல் வகை: எம்கேவி வகையில் பதிவு செய்யுங்கள். சாதாரண எம்பி4-ல் பதிவாகும்போது நடுவில் கரண்ட் போனால் மொத்த ஃபைலும் திறக்காமல் போகலாம். எம்கேவி என்றால் அதுவரை பதிவானது தப்பிக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

விநாடிக்கு 8 மெகாபிட் என்ற அளவில் பதிவு செய்தால் ஒரு மணி நேர வீடியோ சுமார் 3.6 ஜிபி வரும். தரம் துளியும் குறையக் கூடாது என்பவர்கள் விர்ச்சுவல்டப் மென்பொருளில் இழப்பில்லாத முறையில் பதிவு செய்யலாம். அதற்கு ஒரு மணி நேரத்துக்கே 30 ஜிபி அளவுக்கு இடம் வேண்டும்.

மினிடிவிக்கு வழியே வேற

மினிடிவி டேப்பில் இருப்பது ஏற்கனவே டிஜிட்டல் தகவல். அதை மஞ்சள் ஒயரில் எடுத்தால் அனலாக் ஆகி, மறுபடி டிஜிட்டல் ஆகும். தேவையில்லாத இழப்பு. ஃபயர்வயர் கேபிளில் எடுத்தால், டேப்பில் இருப்பது அப்படியே ஃபைலாக வந்துவிடும். சோனி கேமராக்களில் இந்த இணைப்புக்கு 'ஐ.லிங்க்' என்று பெயர் இருக்கும்.

"கேமராவுலதான் யு.எஸ்.பி இருக்கே?" என்று கேட்கலாம். பல மினிடிவி கேமராக்களில் அந்த இணைப்பு மெமரி கார்டில் உள்ள புகைப்படங்களை எடுக்கத்தான். அதேபோல, ஒரு முனையில் ஃபயர்வயர், மறுமுனையில் யு.எஸ்.பி என்று விற்கும் சாதாரண கேபிளை வாங்கி ஏமாற வேண்டாம். அதில் வீடியோ வராது. பழைய டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு போடுவதே நம்பகமான வழி. டஹோவுக்கு முந்தைய மேக்ஓஎஸ் உள்ள, ஃபயர்வயர் துளையுடன் வந்த பழைய மேக் கிடைத்தால் அதுவும் சரிதான்.

மென்பொருள் என்று பார்த்தால், விண்டோஸில் வின்டிவி. மிகச் சிறியது, இலவசம், பார்க்கப் பழசாக இருக்கும். ஆனால் வேலை கச்சிதம். கேமராவில் தேதி சரியாக வைத்திருந்தால், படம்பிடித்த தேதியையும் நேரத்தையும் ஃபைல் பெயரிலேயே போட்டுவிடும். எத்தனை ஃபிரேம் விடுபட்டது என்றும் காட்டும். அதில் 'டைப் 2 ஏவிஐ' என்பதைத் தேர்வு செய்தால் பிற்பாடு எடிட்டிங் மென்பொருட்களில் திறப்பது எளிது. எச்டிவி டேப் என்றால் எச்டிவிஸ்ப்ளிட். மேக்கில் ஐமூவி. லினக்ஸில் டிவிகிராப்.

ஒரு மணி நேர மினிடிவி வீடியோவுக்கு சுமார் 13 ஜிபி இடம் தேவை.

கையில் ஹை8 டேப்பும் இருக்கிறதா? சில டிஜிட்டல்8 கேமராக்கள் ஹை8 டேப்பையும் ஓட்டி, ஃபயர்வயர் வழியாகவே அனுப்பும். உறவினர் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் கேட்டு வாங்கிவிடுங்கள்.

டிவிடி, மெமரி கார்டு கேமராக்களுக்கு?

இதற்கு கேப்சர் மென்பொருளே வேண்டாம், காப்பி செய்தால் போதும். ஆனால் நீண்ட காட்சிகளை கேமரா பல ஃபைல்களாக உடைத்து வைத்திருக்கும். தனித்தனி ஃபைலாகப் பொறுக்கி எடுக்காமல், மொத்த ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்யுங்கள். சின்ன டிவிடி கணினியில் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அது கேமராவில் 'ஃபைனலைஸ்' செய்யப்படாமல் இருக்கலாம். அதே கேமராவில் போட்டு ஃபைனலைஸ் செய்தால் திறக்கும்.

எடிட்டிங்: யாருக்கு எது?

* வேண்டாத பகுதியை வெட்டினால் போதும் என்பவர்களுக்கு: லாஸ்லெஸ்கட். வீடியோவை மறுபடி சுருக்காமல் வெட்டுவதால் தரம் குறையாது. எம்பி4 ஃபைல்களில் வெட்டும் இடம் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம்.

* புதிதாகக் கற்பவர்களுக்கு: விண்டோஸ் 11-ல் வரும் கிளிப்சாம்ப். ஏற்கனவே டிஇன்டர்லேஸ் செய்த எம்பி4 ஃபைலைக் கொடுப்பது நல்லது. மேக் வைத்திருப்பவர்களுக்கு ஐமூவி.

* பெரும்பாலான வீடுகளுக்கு: ஷாட்கட். இலவசம், ஓப்பன் சோர்ஸ். பழைய ஃபைல் வகைகளையும் திறக்கும். டிஇன்டர்லேஸும் செய்யும்.

* நிறம், ஒலி எல்லாவற்றையும் சரிசெய்ய விரும்புபவர்களுக்கு: டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. 16 ஜிபி ரேமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் இல்லாத லேப்டாப்பில் திணறும்.

முடிவு செய்யும் முன் ஒரு சின்ன சோதனை. தலைப்புப் பகுதியில் 'பொங்கல்' என்று தமிழில் தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், நாளைக்கு 'தொட்டில் விழா' என்று டைட்டில் போட முடியாது.

"அந்தக் காலத்து மூவி மேக்கர் கிடைக்குமா?" என்று தேடுபவர்களும் உண்டு. விண்டோஸ் மூவி மேக்கருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியிலேயே முடித்துக்கொண்டது. அந்தப் பெயரில் போலி மென்பொருளைக் கொடுத்துப் பணம் பறித்த இணையதளம் பற்றி அதே ஆண்டு ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்தது. எந்த மென்பொருளானாலும் அதன் அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் இறக்குங்கள்.

பாட்டுப் போடும் முன் யோசிங்க

ஸ்டூடியோவில் எடிட் செய்து தந்த கல்யாண கேசட்களில் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான் ஓடும். யார் என்ன பேசினார்கள் என்பதே கேட்காது. வீட்டு ஹேண்டிகேம் கேசட்டின் மதிப்பே அதில்தான். பாட்டி பேரனைக் கூப்பிடும் குரல், அடுப்படிச் சத்தம், கேமராவுக்குப் பின்னாலிருந்து அப்பா சொல்லும் "இங்க பாரு, இங்க பாரு" எல்லாம் அதில் அப்படியே இருக்கும். பாட்டுப் போட்டு அதை மூடிவிடாதீர்கள். அசல் ஒலி கேட்கும்படி பாட்டின் அளவைக் குறைத்து வையுங்கள். சினிமாப் பாட்டோடு யூடியூபில் ஏற்றினால் காப்புரிமைச் சிக்கலும் வரலாம்.

டேப்பை ஓட்டும் முன் கவனிக்க வேண்டியவை

* அழிப்புத் தடுப்பு: மினிடிவி கேசட்டின் முதுகில் உள்ள சின்னப் பொத்தானை 'சேவ்' பக்கம் தள்ளுங்கள். விஎச்எஸ் கேசட்டில் ஓரத்தில் உள்ள பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது.

* பூஞ்சை: டேப் மீது வெள்ளையாகப் பொடியோ இழையோ தெரிந்தால் ஓட்டவே கூடாது. டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டையும் கெடுத்துவிடும். இதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

* ரொம்ப நாள் கிடந்த டேப்பா? முழுவதும் முன்னோக்கி ஓட்டி, பின்னோக்கிச் சுற்றிய பிறகு கேப்சர் செய்யுங்கள்.

* எல்பி முறையில் பதிவான மினிடிவி டேப், எடுத்த அதே கேமராவில் மட்டும் சரியாக ஓடுவது உண்டு. பழைய கேமராவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

* நேரம்: ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழி இல்லை. அந்த நேரத்தில் கணினி தானாக 'ஸ்லீப்' ஆகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் கொடுத்தால்?

கருவி எதுவும் இல்லாதவர்களுக்கு ஸ்டூடியோவே நல்ல வழி. டிவிடியில் போட்டுத் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். டிவிடிக்காக வீடியோவைச் சுருக்குவார்கள். பெரிய அளவு ஃபைலாகவே ஹார்ட் டிஸ்க்கில் கேளுங்கள். மினிடிவி என்றால் "ஃபயர்வயர்ல எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். முதலில் ஒரு கேசட் மட்டும் கொடுத்து, உதடும் குரலும் கடைசி வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு மீதியைக் கொடுக்கலாம். கேசட்டையும் மறக்காமல் திரும்ப வாங்குங்கள்.

மாற்றியாச்சு, அப்புறம்?

எடிட் செய்த வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு அசல் ஃபைலை அழிப்பது பெரிய தவறு. அசலின் பிரதிகள் மூன்று இருக்கட்டும். அவை இரண்டு வகை சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று வேறு ஊரில், உறவினர் வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

கேசட் நிறைய இருந்தால் எதிலிருந்து தொடங்குவது? கல்யாண கேசட்டுக்கு வேறு வீட்டிலும் ஒரு பிரதி இருக்க வாய்ப்புண்டு. ஹேண்டிகேமில் எடுத்ததற்கு அந்த ஒரே டேப்தான். அதிலும், இன்று இல்லாதவர்களின் குரல் இருக்கும் கேசட்டை முதலில் எடுங்கள். எடிட்டிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.