பெயரற்ற முகங்கள்

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே நோக்கினால் ஆனைமலைத் தொடர் நீலக் கோடாகத் தெரிகிறது. நூறாண்டுகளுக்கு முன் இம்மலைகளின் அடியில் வாழ்ந்தோர் எத்தகையோர் என அறிய விழையும் நமக்குப் பழைய பட அஞ்சலட்டைகள் ஓரளவு துணை செய்கின்றன.

இந்தியாவில் காலணா அஞ்சலட்டை 1879-இல் வெளிவந்தது. அதில் படம் இல்லை. அந்நூற்றாண்டின் இறுதியில்தான் பட அட்டைகள் பரவின. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் முதலிய நிறுவனங்கள் அவற்றை வெளியிட்டன. முகவரிப் பக்கத்தில் செய்தி எழுத அப்போது இடமில்லை. படத்தின் ஓரத்திலேயே நெருக்கி எழுதினர். 1902-இல் இங்கிலாந்து அப்பக்கத்தை இரண்டாகப் பகுக்க இசைந்தது; பிற நாடுகளும் பின்தொடர்ந்தன. ஆகவே பகுக்கப்படாத அட்டை பழமையானது எனக் கொள்ளலாம். ஆயினும் அஞ்சல் முத்திரை, அட்டை அனுப்பப்பட்ட நாளைக் காட்டுமேயன்றிப் படம் பிடித்த நாளைக் காட்டாது.

படக்கருவி ஐரோப்பியர் தங்கிய இடங்களையே பெரிதும் நாடியது. உதகையின் ஏரியும், 1908-இல் அந்நகரை எட்டிய மலை இரயிலும், தோடர் குடில்களும் அட்டைகளில் இடம்பெற்றன. சமவெளிச் சிற்றூர்களுக்கு அவ்வாய்ப்பு அரிதாகவே கிட்டியது.

நம் திருச்சபையும் இவ்வட்டைகளை வெளியிட்டது. 2002-இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்ட எலேன் தெ ஷப்பொத்தேன் அன்னையார் 1877-இல் உதகையில் தொடங்கிய மரியின் பிரான்சிஸ்கு மறைபரப்புக் கன்னியர் சபை, தன் பணித்தளங்களின் படங்களை அட்டைகளாக அச்சிட்டது. ஐரோப்பிய நன்கொடையாளர் அவற்றைக் கண்டு மனமிரங்கினர். அவ்வுதவியால் அநாதை இல்லங்களும் மருந்தகங்களும் வளர்ந்தன. அந்நன்மையை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

எனினும் ஒரு குறை நம் நெஞ்சை உறுத்துகிறது. இத்தகைய அட்டைகளில் கன்னியர் இல்லத்தின் பெயர் உண்டு. ஊரின் பெயர் உண்டு. வரிசையாக நிற்கும் சிறுமியரின் பெயர் பெரும்பாலும் இல்லை. 'தோடர் பெண்', 'அநாதைக் குழந்தைகள்' என்பதோடு அவர்களது வரலாறு முடிந்துவிடுகிறது. இரக்கத்துக்கு உரியோராக மட்டுமே காட்டப்பட்டவர், ஒரு தாயின் மகளாக அறியப்படாமலே போயினர்.

பங்கு இல்லங்களின் திருமுழுக்குப் பதிவேடுகளோ இதற்கு நேர்மாறானவை. அங்கே எளியோர்க்கும் பெயர் உண்டு. பெற்றோர் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் உண்டு. முகம் மட்டும் இல்லை. அட்டையில் முகம், ஏட்டில் பெயர்! இரண்டையும் இணைப்பதன்றோ உள்ளூர் வரலாற்றின் பணி?

அப்பணியை நம் இல்லத்திலேயே தொடங்கலாம். பெட்டிக்குள் உறங்கும் புதுநன்மைப் படங்களையும் திருமணப் படங்களையும் வெளியே எடுப்போம். முதியோரை அருகிருத்தி, யார் யாரென்று கேட்டு, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைப்போம். அவர்கள் மறைந்தபின் கேட்க ஆளிராது. நம்மவர் முகங்களேனும் நாளை பெயரற்றுப் போகாதிருக்கட்டும்.